கடைசி ஷாட்டில் அவள் முகம் தெரியாது

மார்ச் 4

அன்பு வாலுக்கு,

அக்கா எழுதுகிறேன். நானும் உன் அத்தானும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உன் உடம்பும் உன் வண்டியும் எப்படி இருக்கின்றன என்று உடனே எழுது.

போனை எடுத்துப் பேசாமல் என்ன கடிதம் என்று கேட்பாய். தொண்டை டாக்டர் என் வாய்க்குப் பூட்டுப் போட்டுவிட்டார். டப்பிங் தியேட்டரில் மைக் முன்னால் பேசுவதோடு சரி, வெளியே மூச்! உன் அத்தான் முகத்தில் என்ன மலர்ச்சி தெரியுமா? கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு நிம்மதியை அந்த மனிதர் அனுபவித்ததே இல்லை. நான் அவரைத் திட்டுவதையும் சீட்டில் எழுதித்தான் நீட்டுகிறேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்கிறார்.

இப்போது சேதிக்கு வருகிறேன். இத்தனை வருஷமாகத் தோழி, நர்ஸ், கூட்டத்தில் அழுகிற பெண் என்று ஒட்டுத்துணி போலக் குரல் கொடுத்துக்கொண்டிருந்த உன் அக்கா, முதல் முறையாகக் கதாநாயகிக்கே பேசுகிறாள்! அந்தப் பெண்ணுக்குத் தமிழ் அறவே வராது. பாதிக் காட்சிகளில் தன் பாஷையில் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு நிற்கிறாள். அந்த உதட்டசைவுக்குள் நான் வசனத்தைத் திணிக்க வேண்டும்.

காதல் படம்தான், ஆனால் திகில். நாயகன் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடம் ஒன்றில் வேலை செய்கிற பெண்ணைப் பார்க்கிறான், மயங்கிவிடுகிறான். அவளோடு பேசுவதற்காக அவள் ஏறும்போது லிஃப்டை நடுவழியில் நிறுத்துகிறான். அவள் ஓட ஓட விடாமல் துரத்துகிறான். அவன் உருகுகிற உருகலில் எனக்கே கண் கலங்கிவிட்டது. உன் அத்தான் எனக்காக ஒரு குடை பிடித்ததுண்டா?

வேளைக்குச் சாப்பிடு. ஹாரனை ஓயாமல் அடிக்காதே.

இப்படிக்கு,
வாய் பூட்டப்பட்ட அக்கா


மார்ச் 17

அன்புள்ள இரவல் தொண்டைக்கு,

உன் தங்கை நலம். அத்தானின் நிம்மதி நீடிக்க என் வாழ்த்துகள். உன் தொண்டை தேற வெந்நீர் குடி, வாயைத் திறக்காதே.

கதாநாயகிக் குரல் என்றதும் பயிற்சிப் பள்ளி முழுக்கத் தம்பட்டம் அடித்துவிட்டேன். எங்கள் ஓனரம்மா, "உங்க அக்கா பேசின படத்துக்கு ஸ்கூலோட எல்லாரும் போறோம்"னு சொல்லிவிட்டார்.

வேலை பிரமாதம். கார் ஓட்டச் சொல்லித்தருகிற வேலைக்குப் போகிறேன் என்றபோது வீட்டில் எத்தனை சண்டை, நினைவிருக்கிறதா? இப்போது இந்த ஊரில் பெண்கள் எல்லாம் என்னைக் கேட்டு வருகிறார்கள். பேங்க் அக்கா என்று ஒருவர், லாரி எதிரே வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறார். ரிவர்ஸ் மாமா என்று ஒரு பெரியவர், பின்னால் போவதென்றால் ராஜா மாதிரி போவார், முன்னால் போகச் சொன்னால் கை உதறும். பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருப்பதால்தான் உனக்கு இன்னும் தங்கை என்று ஒருத்தி இருக்கிறாள். இன்னொருவன் தேர்வில் பாஸாகி லைசென்ஸும் வாங்கிவிட்டு, "இன்னும் கிளட்ச் சரியா விட வரல மேடம்"னு மறுபடி சேர்ந்தான். அதுவும் முடிந்து இப்போது மூன்றாவது தடவை. அவனுக்கு 'மூணாம் தடவை' என்றே பெயராகிவிட்டது.

விடுதி மாறிவிட்டேன். பின் பக்கத்துத் தாளில் புது முகவரி இருக்கிறது. அது உன்னோடு இருக்கட்டும், மற்றவர்களுக்கு நானே பிறகு சொல்லிக்கொள்கிறேன். அங்கே போன் ரிப்பேர், அதனால் கூப்பிட வேண்டாம்.

அன்புத் தங்கை


ஏப்ரல் 2

அடி வாலு,

உன் கடிதம் கண்டு வயிறு வலிக்கச் சத்தமில்லாமல் சிரித்தேன். இங்கே எல்லோரும் சௌக்கியம், என் தொண்டை உட்பட. நீயும் அப்படியே இருக்க வேண்டும்.

படம் பாதி தாண்டிவிட்டது. நேற்று ஒரு காட்சி. அவள் பஸ்ஸுக்கு நிற்கிறாள், அவனும் பின்னால் வந்து நிற்கிறான். ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் இவனும் ஏறுகிறான். அவள் முகத்தில் பயம். அதற்கு நான் ஒரு சின்ன மூச்சு விட்டேன். டைரக்டர், பாவம், புதுப் பையன், முதல் படம். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து, "மேடம், பயத்துக்குள்ள லேசா ஒரு வெட்கம் வேணும்"னு சொன்னார். மூச்சின் கடைசியில் ஒரு துளி சிரிப்பைச் சேர்த்தேன். அடடா, காட்சியே மலர்ந்துவிட்டது! சவுண்டு இன்ஜினியரை நாங்கள் 'காது' என்றுதான் கூப்பிடுவோம். அவர் எதையும் பாராட்டாத மனிதர், அவரே தலையை ஆட்டினார்.

பழைய விடுதியில் பால்கனி இருக்கிறது, காற்று வருகிறது என்று குதித்தாயே, ஏன் விட்டாய்? மூணாம் தடவையைப் பற்றியும் இன்னும் எழுது. மூன்று தடவை சேருகிறவன் கிளட்சுக்காகவா வருகிறான்? எனக்கென்னவோ வாசம் வேறு மாதிரி அடிக்கிறது, கள்ளி!

பாசத்துடன்,
அக்கா


ஏப்ரல் 19

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலமாக இருங்கள். பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே.

பால்கனி தெருவைப் பார்த்து இருந்தது. அதனால் விட்டேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பஸ்ஸுக்கு நிற்கிற அந்தக் காட்சியில் அவன் அவளையே பார்க்கிறான், சரி. அவள் எங்கே பார்க்கிறாள்? வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் விளக்கைப் போடுகிறாளா? அதை எல்லாம் படத்தில் காட்டுகிறார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

முடியைக் குட்டையாக வெட்டிக்கொண்டேன். பராமரிப்பது சுலபம்.

அந்த ஊரில் எனக்கு ஏதாவது வேலை கிடைக்குமா என்று விசாரித்து வை. கார் ஓட்டக் கற்றுத்தருகிற வேலையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை, கடையில் நிற்பது, கணக்கு எழுதுவது, எதுவானாலும் சரி. ஓனரம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

தங்கை


ஏப்ரல் 27

என் செல்ல வாலுக்கு,

இங்கே அனைவரும் நலம். உன் கடிதம் என்னைக் குழப்பிவிட்டது. உயிராக நினைத்த வேலையை விடுகிறேன் என்கிறாய், இடுப்பு வரை இருந்த முடியை வெட்டினேன் என்கிறாய். என்னடி ஆயிற்று உனக்கு? கைவசமிருக்கிற வேலையை அவசரப்பட்டு விடாதே.

உனக்கு ஒரு நல்ல சேதி. முந்தாநாள் ஒரு பையன் ஸ்டுடியோவில் விசாரித்துக்கொண்டு வீடு தேடி வந்தான். உன் மாணவனாம், இந்தப் பக்கம் வேலையாக வந்தானாம். வாசலில் செருப்பை ஒழுங்காக விட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். எவ்வளவு மரியாதை! உன்னைப் பற்றிச் சொல்லும்போது அவன் குரல் தழுதழுக்கிறது. "அவங்களுக்கு என்னை ஏன் பிடிக்கலன்னே தெரியல அக்கா. ஒரு தடவ உக்காந்து பேசினா போதும்"னு சொன்னான். உன் அத்தான் வெளியே போயிருந்தார். எனக்கோ வாய் பேச அனுமதியில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன், எங்கள் படத்தின் நாயகனே எழுந்து வந்து எதிரே உட்கார்ந்த மாதிரி இருந்தது. உன் புது முகவரியை ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன்.

பேசித்தான் பாரேன். ஒருவன் நம்மை இவ்வளவு நினைப்பது எல்லோருக்கும் அமைகிறதா?

அன்புடன் அக்கா


மே 16

வாலு,

எங்கள் சுகத்துக்கு என்ன, இருக்கிறோம். உன் சுகம் தெரியாமல் எனக்குச் சோறு இறங்கவில்லை. உன்னிடமிருந்து ஒரு வரி வரவில்லை.

டாக்டர் சொன்னதைத் தூக்கி மூலையில் போட்டுவிட்டு உன் விடுதிக்கு போன் செய்தேன். மணி ஒழுங்காக அடித்தது, விடுதிக்காரம்மா எடுத்தார். "அந்தப் பொண்ணு காலி பண்ணிட்டுப் போயிருச்சும்மா. போன் ரிப்பேர்லாம் இல்ல. எடுத்தா யாரோ பேசாம மூச்சு மட்டும் விடுவான், அதனால அந்தப் பொண்ணுதான் யார் கேட்டாலும் ரிப்பேர்னு சொல்லச் சொல்லிச்சு"னு சொன்னார். நான் ஏதோ கேட்பதற்குள் வைத்துவிட்டார்.

பள்ளி முகவரிக்கு இதை அனுப்புகிறேன். திட்டியாவது எழுதுடி.

அக்கா


மே 22

அக்காவுக்கு,

உயிரோடு இருக்கிறேன். ஓனரம்மா வீட்டு மாடியில் தங்கியிருக்கிறேன்.

நீ எழுதிக் கொடுத்த சீட்டோடு மூணாம் தடவை என் விடுதி வாசலில் வந்து நின்றான். அதை மடித்துச் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கமாக வைத்திருந்தான். "உங்க அக்காவே குடுத்தாங்க. உங்க வீட்ல எல்லாருக்கும் சம்மதம், நீங்க மட்டும்தான் பிடிவாதம் பிடிக்கறீங்க"னு சொன்னான். உன் கையெழுத்து, அக்கா. சின்ன வயதில் என் நோட்டுப் புத்தகங்களுக்கெல்லாம் பெயர் எழுதித்தந்த கையெழுத்து. அதைப் பார்த்தபோதுதான் எனக்குப் பயம் வந்தது, அவனைப் பார்த்து அல்ல.

இப்போது எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். முதல் வகுப்பிலிருந்தே அவன் சாலையைப் பார்த்ததில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டு ஓட்டுவான். பிடிக்கவில்லை என்று மரியாதையாகச் சொன்னேன், கோபமாகச் சொன்னேன், கையெடுத்துக் கும்பிட்டுச் சொன்னேன். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டு, "நாளைக்கு மனசு மாறும்"னு சொல்வான். பழைய விடுதியின் எதிரே மணிக்கணக்கில் நிற்பான். என் முடி காற்றில் பறப்பது அழகு என்று துண்டுச்சீட்டு வீசினான், அன்றைக்கே வெட்டினேன். பின்னால் காலடிச் சத்தம் கேட்டால் எனக்கு வெட்கம் வரவில்லை, அக்கா. மூச்சு தொண்டையிலேயே நின்றுவிடுகிறது, கீழே இறங்குவதில்லை. உன் கதாநாயகி சிரிப்பது போல என்னால் சிரிக்க முடியவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். நீ அந்தப் படத்தைப் பற்றி அவ்வளவு ஆசையாக எழுதினாய். உனக்கும் அவன் பக்கம்தான் நியாயமாகத் தெரியுமோ என்று பயந்தேன். அப்படித்தான் ஆயிற்று.

ஜூன் முடிவோடு வேலையை விடுகிறேன் என்று ஓனரம்மாவிடம் சொல்லிவிட்டேன். அழுதார். நானும் அழுதேன். வேறு வழி தெரியவில்லை.

உன் படம் நன்றாக ஓடட்டும்.

தங்கை


ஜூன் 2

என் கண்ணே,

நலம் விசாரிக்க எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஆனாலும் விசாரிக்கிறேன். நீ நலமாக இருக்கவே வேண்டும்.

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். உன் அத்தான் கடிதத்தை வாங்கிப் படித்தார். சட்டையை மாட்டினார், பெட்டியை எடுத்தார், "நான் கிளம்பறேன்"னு சொன்னார். நீ இதைப் படிக்கும்போது அவர் உன் எதிரே நிற்பார். போலீஸில் எழுதிக் கொடுக்க உன்னோடு வருவார். சண்டை போடாமல் சேர்த்துக்கொள், அவருக்கு என்னைப் போல மூளை கெட்டுவிடவில்லை. படம் என் கையில் முடிகிற நிலையில் இருந்ததால் நான் வரவில்லை. வராமல் என்ன செய்தேன் என்று கேள்.

மறுநாள் தியேட்டருக்குப் போனேன். அந்தப் பஸ் காட்சியைத் திரும்பப் போடச் சொன்னேன். "அதான் ஓகே ஆயிடுச்சே?" என்றார் காது. "நான் பேசினது பொய்"னு சொன்னேன். நீ எழுதிய மூச்சை விட்டேன், தொண்டையிலேயே நிற்கிற மூச்சு. திரையில் அதே பெண், அதே முகம். ஆனால் இப்போது அவளைப் பார்க்கவே பயமாக இருந்தது. காது ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "எனக்கு ரெண்டு பொண்ணுங்க"னு மட்டும் சொன்னார். அவன் அவளைத் துரத்துகிற எல்லாக் காட்சிகளிலும் என் பழைய சிரிப்புகளைத் துடைத்துவிட்டு மூச்சைப் புதிதாகப் பேசினேன். டைரக்டர் தடுக்கவில்லை, நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாகக் கிளைமாக்ஸ். அவன் லிஃப்டை நிறுத்திவிட்டு, "ஒரே ஒரு வார்த்தை சொல்லு, லிஃப்ட் கிளம்பிடும்" என்கிறான். கேமரா அவள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அவன் முகம் மட்டும்தான் தெரிகிறது. அவள் பதில் சொல்ல வேண்டும், அவன் கண்ணில் ஆனந்தக் கண்ணீர் வழிய வேண்டும், கதவு திறந்து அவள் முதலில் இறங்க வேண்டும், பிறகு டூயட். எழுதியிருந்த வசனம், 'எனக்கும் உன்ன விட்டா யாருமில்ல'.

முதுகைக் காட்டி நிற்கிறவளுக்கு உதடு பொருத்தம் எதற்கு? சிவப்பு விளக்கு எரிந்ததும், "கதவத் திற. நான் இறங்கணும்"னு சொன்னேன்.

டைரக்டர், "மேடம், இது பேப்பர்ல இல்லியே?" என்றார். காது காட்சியைத் திருப்பிப் போட்டார். என் குரல் வந்தது. அவன் கண்ணில் கண்ணீர் வந்தது. அடி, அது தோற்றவனின் கண்ணீராகிவிட்டது! ஒரு ஃப்ரேமை யாரும் தொடவில்லை, அவன் நடித்தது என்னவோ ஆனந்தம்தான். கதவு திறக்கிறது, அவள் இறங்குகிறாள், திரும்பிப் பார்க்காமல் நடக்கிறாள். டைரக்டர் கையை நீட்டி மயிர்க்கூச்செறிந்ததைக் காட்டினார்.

தயாரிப்பாளர் வந்து குதித்தார். "பேப்பர்ல உள்ளதப் பேசு" என்றார். தொண்டையைப் பிடித்துக்கொண்டு, டாக்டர் பேசக் கூடாது என்று சொல்லிவிட்டதாகச் சீட்டில் எழுதி நீட்டினேன். "வேற ஆள வெச்சுப் பேசிக்கறேன்"னு கத்தினார். காது நிதானமாக, "படம் பூரா இவங்க குரல் சார். கடைசி வரிக்கு மட்டும் வேற குரல் போட்டா ஜனங்க கண்டுபிடிச்சிடுவாங்க. முதல்லேர்ந்து பேசணும்"னு சொன்னார். ரிலீஸ் தேதியைப் போஸ்டரில் போட்டாகிவிட்டது. டூயட்டை வெட்டிவிட்டார்கள்.

வேலையை விடாதே. அவனுக்காக நீ ஏன் ஊரை விட வேண்டும்? ஓட வேண்டியவன் அவன். இதைச் சொல்ல எனக்கு வாயில்லைதான், ஆனாலும் சொல்கிறேன்.

உன் அக்கா


ஜூன் 18

அன்புள்ள என் அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன்! இதை எழுதும்போதே சிரிப்பு வருகிறது, ஆகையால் உண்மையாகவே நன்றாக இருக்கிறேன்.

அத்தான் வந்து ஒரு வாரம் பயிற்சி வண்டியின் பின் சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பேங்க் அக்கா லாரியைக் கண்டு கண்ணை மூடிய போதெல்லாம் இவரும் மூடினார். போலீஸில் எழுதிக் கொடுத்தோம். "லவ் மேட்டர்மா, பேசி முடிச்சுக்கங்க"னு சொன்னார்கள். அத்தான் எழுந்து நின்று, "காதல்னா ரெண்டு பேர் வேணும் சார், இங்க ஒருத்தன்தான் இருக்கான்"னு சொல்லிப் புகாரைப் பதிவு செய்ய வைத்துவிட்டுத்தான் நகர்ந்தார். உன் வீட்டில் பேசாமலேயே இருக்கும் மனிதரா அவர்?

அவரை ரயிலேற்றிவிட்ட மறுநாள் காலை. லைசென்ஸ் ஆபீஸ் தெரு. ரிவர்ஸ் மாமாவுக்கு அன்று தேர்வு. அவர் உள்ளே கையெழுத்துப் போடப் போனார், நான் என் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். சாவி வண்டியில். டிரைவர் பக்கக் கதவு திறந்தது. மூணாம் தடவை ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்தி, சாவியைத் திருகி என்ஜினைக் கிளப்பிவிட்டான்.

எதிரே பாலத்தின் கைப்பிடிச் சுவர். "என்னப் பிடிச்சிருக்குன்னு ஒரு தடவ சொல்லு. இல்லன்னா அந்தச் சுவத்துல விட்டுடுவேன். ரெண்டு பேரும் சேந்தே போயிடலாம்"னு சொன்னான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான்.

முதலில் அந்த மூச்சு வந்து தொண்டையில் நின்றது. அப்புறம் கால் தானாகவே போயிற்று. அவன் ஆக்ஸிலரேட்டரை மிதித்தான். நான் கிளட்சையும் பிரேக்கையும் சேர்த்து மிதித்தேன். என்ஜின் ஊரே கேட்க அலறியது, வண்டி அங்குலம் நகரவில்லை. முதல் கியரைப் போட்டான், அழுத்தினான், அலறல்தான். இரண்டாவது கியரைப் போட்டுப் பார்த்தான். வண்டி கெட்டுவிட்டதோ என்று பானட்டை எட்டிப் பார்க்கிறான் மடையன்! மூன்று தடவை பணம் கட்டிச் சேர்ந்தவனுக்கு என் காலடியில் கிளட்ச் இருப்பது தெரியவே தெரியாது. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவன் கீழே எங்கே பார்த்தான்?

அந்தச் சத்தத்துக்குத் தெருவே திரும்பியது. நான் சாவியைப் பிடுங்கிக்கொண்டு இறங்கினேன். உன் வசனம் நினைவுக்கு வந்தது, ஆனால் எனக்கு என் வசனம்தான் வாயில் வந்தது. "இவன் என் பின்னாடி சுத்தறவன்! எனக்கு இவனப் பிடிக்கல. தனியா எத்தன தடவ சொன்னாலும் இவன் காதுல ஏறல. அதனால உங்க எல்லார் முன்னாடியும் சொல்றேன், எனக்கு இவனப் பிடிக்கல!" என் குரலா அது என்று எனக்கே ஆச்சரியம். உனக்கு மட்டும்தான் குரல் என்று நினைத்திருந்தேன்.

மற்றப் பயிற்சிப் பள்ளி ஆட்கள் வண்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். தேர்வு வைக்கிற அதிகாரி வந்து எட்டிப் பார்த்து, "நீ எங்கிட்ட எப்பவோ பாஸ் பண்ணவன்தானே, இன்னும் என்னடா ஸ்கூல் வண்டில வேலை?"னு கேட்டார். லைசென்ஸை வாங்கி வைத்துக்கொண்டார். போலீஸ் வந்தது. அத்தான் கொடுத்த புகார் ஏற்கனவே இருந்ததால் இந்தத் தடவை பேசி முடிக்கச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போனார்கள். இத்தனைக்கும் நடுவில் ரிவர்ஸ் மாமா முன்னால் ஓட்டிக்காட்டி பாஸ் ஆனார்.

ஓனரம்மாவிடம், வேலையை விடவில்லை என்று சொன்னேன். "நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?"னு கேட்டார்.

உன்மேல் எனக்குக் கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. நீ துடைத்த சிரிப்புகளோடு அதுவும் போய்விட்டது என்று வைத்துக்கொள்.

தங்கை


ஆகஸ்ட் 5

என் வீராங்கனைக்கு,

உன் அத்தானும் நானும் உன் கடிதத்தை மாற்றி மாற்றிப் படித்ததில் தாள் கிழிந்துவிட்டது. தொண்டை டாக்டர் பூட்டைத் திறந்துவிட்டார், ஆகவே வீட்டில் பழையபடி அமைதி இல்லை.

படம் வெளியாகிவிட்டது. முதல் காட்சிக்கு முக்காட்டைப் போட்டுக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். முன்னால் இருந்த இளவட்டங்கள் அவன் முதல் தடவை லிஃப்டை நிறுத்தியபோது விசில் அடித்தார்கள். நான் முக்காட்டை இன்னும் இழுத்துவிட்டுக்கொண்டேன். பஸ் காட்சியில் அந்த மூச்சு கேட்டதும் விசில் குறைந்தது. கிளைமாக்ஸில் அவள், "கதவத் திற" என்றதும் மொத்தத் தியேட்டரும் மூச்சைப் பிடித்தது. கதவு திறந்து அவள் நடக்க ஆரம்பித்தாள் பார், பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்த கைதட்டல் இன்னும் என் காதில் இருக்கிறது. விசிலடித்த பையன்களும் தட்டினார்கள்.

நாயகனுக்குத்தான் பெரிய பெயர். தோல்வியை முகத்தில் இப்படிக் காட்டியவர் உண்டா என்று பத்திரிகைகள் தூக்கி வைத்துக் கொண்டாடுகின்றன. அவரும் அதற்காக ராத்திரி பகலாகப் பயிற்சி எடுத்ததாகப் பேட்டி கொடுக்கிறார். காது போன் செய்து அரைமணி நேரம் சிரித்தார். தயாரிப்பாளர், முடிவு தன் யோசனை என்று சொல்லிக்கொண்டு திரிகிறார். திரியட்டும்.

உங்கள் ஊருக்கும் வருகிறதாம். போய்ப் பார்.

அக்கா


ஆகஸ்ட் 21

அன்பு அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் சுகம். பள்ளிக்கு இன்னொரு வண்டி வாங்கியிருக்கிறோம். பெண்களுக்கென்று தனி வகுப்பு, முழுப் பொறுப்பும் என் கையில். லைசென்ஸ் ஆபீஸ் தெருக் கதை ஊர் முழுக்கப் பரவி, சேர வருகிறவர்கள் எல்லாம் முதலில் என் காலடியை எட்டிப் பார்க்கிறார்கள். அவன் இந்தப் பக்கம் தலைகாட்டக் கூடாது என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள்.

நேற்று மாலை பள்ளியோடு படத்துக்குப் போனோம். ஒரு வரிசை முழுக்க நாங்கள்தான். பஸ் காட்சியில் என் மூச்சு திரையிலிருந்து வந்தது. அதைக் கேட்டதும் அழுதுவிட்டேன், மறைக்கவில்லை. பக்கத்தில் பேங்க் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். அப்புறம் மெதுவாக, "எனக்கும் ஒருத்தன் இருந்தான். இதுவரைக்கும் யார்கிட்டயும் சொன்னதில்ல"னு சொன்னார். இந்தப் பக்கம் ஓனரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசி ஷாட்டில் அவள் முதுகைக் காட்டி நின்றாள். நீ பேசினாய். அவள் இறங்கி நடந்தாள். தியேட்டர் இரண்டுபட்டது.

விளக்கைப் போட்டார்கள், ஜனங்கள் எழுந்து வாசலுக்குப் போக ஆரம்பித்தார்கள். திரையில் பொடி எழுத்தில் பெயர்கள் ஏறிக்கொண்டிருந்தன. நான் எங்கள் வரிசையை நகர விடவில்லை. நடித்தவர்கள் போனார்கள், விளக்குப் பிடித்தவர்கள் போனார்கள், சாப்பாடு கொண்டுவந்தவர்கள் கூடப் போனார்கள். அப்புறம் உன் பெயர் வந்தது.

நான் நாற்காலி மேல் ஏறி நின்று கத்தினேன்: "அது எங்க அக்கா! அந்தக் கதவத் திறக்கச் சொன்னது எங்க அக்கா!"

வாசல் வரை போன கூட்டம் அப்படியே திரும்பி நின்று, திரையில் உன் பெயர் மறைகிறவரை கை தட்டியது, அக்கா.

உன் தங்கை